சாதாரணச் சனங்களின் விசுவாசத்தை எங்கே தேடுவது? ஈமன் டஃபியின் ஆய்வும் நம் கொழும்பும்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவர் கேட்டிருக்கிறார்: "ஈமன் டஃபி என்ற வரலாற்றாசிரியர் பழைய இங்கிலாந்துக் கத்தோலிக்கரின் அன்றாட பக்தியைப் பற்றி எழுதியவை பெரிய திருப்பம் என்கிறார்கள். அப்படி என்ன செய்தார்? ஒன்றும் எழுதிவைக்காமல் செத்துப்போன சாதாரண மனிதர் எதை நம்பினார் என்று எப்படி அறிவது? நம் கொழும்புக்கு இந்த வழி பொருந்துமா?"

மூன்றில் நடுக்கேள்விதான் மற்ற இரண்டையும் தாங்கி நிற்கிறது, அதிலிருந்தே தொடங்குவோம்.

திருச்சபை வரலாறு எழுத உட்காருபவருக்கு மறைக்கல்விப் புத்தகம் கிடைக்கும், ஆயரின் கட்டளை கிடைக்கும், பாப்பரசரின் மடல் கிடைக்கும். சனங்கள் எதை நம்ப வேண்டும் என்று மேலே இருந்தவர்கள் நினைத்தது அவற்றில் இருக்கிறது. சனங்கள் உண்மையில் எதைப் பற்றிக்கொண்டு வாழ்ந்தார்கள் என்பதை வேறு இடங்களில் தேட வேண்டும். எதற்குத் தங்கள் காசைக் கொடுத்தார்கள்? சாகும்போது எதை யாருக்கு எழுதிவைத்தார்கள்? உடைந்ததில் எதை உடனே பழுதுபார்த்தார்கள்? பறிக்க ஆள் வந்தபோது எதை ஒளித்தார்கள்? இந்த நான்கையும் விடாமல் கேட்டுக்கொண்டே போனதுதான் டஃபியின் பெரிய சாதனை என்று நான் நினைக்கிறேன்.

டஃபி 1947 இல் அயர்லாந்தின் டன்டோக் நகரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கிறிஸ்தவ வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய பெயரை நிலைநாட்டிய நூல் 1992 இல் வந்த 'த ஸ்ட்ரிப்பிங் ஒஃப் த ஓல்ரர்ஸ்'. 1400 முதல் 1580 வரையான இங்கிலாந்து மக்களின் சமய வாழ்க்கையைப் பற்றியது. அதற்கு முன் பெரும்பாலானவர்கள் படித்த கதை வேறு. வரலாற்றாசிரியர் ஏ. ஜி. டிக்கென்ஸ் 1964 இல் எழுதிய நூலில் அந்தக் கதை நன்றாகத் தெரியும்: பழைய சமயம் உள்ளுக்குள் உளுத்துப்போயிருந்தது, மக்களுக்கு அதில் அலுப்புத் தட்டியிருந்தது, புரட்டஸ்தாந்துச் சீர்திருத்தம் வந்ததும் அதை விரும்பி ஏற்றார்கள். டஃபி ஊர்க்கோயில் கணக்குகள், மரண சாசனங்கள், செப நூல்கள், கோயில் பொருட்பட்டியல்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்து இதை மறுத்தார். பழைய பக்தி கடைசி நாள்வரை உயிரோடும் செழிப்போடும் இருந்தது, அரச கட்டளைதான் அதை மேலிருந்து இடித்தது என்பது அவருடைய வாதம்.

நூலின் முதல் பாதி முழுவதும் அந்தப் பக்தி எப்படி இருந்தது என்பதுதான். பெப்ரவரி 2 ஆம் திகதி மந்திரித்த மெழுகுதிரியை வீட்டுக்குக் கொண்டுபோய் இடிமின்னல் நேரத்திலும் மரணப்படுக்கையிலும் கொளுத்துவார்கள். பெரிய வெள்ளியன்று முழந்தாளில் ஊர்ந்து போய்ச் சிலுவையை முத்தமிடுவார்கள். கோயிலுக்குக் கொடை கொடுத்து இறந்தவர்களின் பெயர்களைச் சுவாமியார் எல்லார் முன்னும் வாசிப்பார், அந்தப் பட்டியலில் தன் பெயர் வர வேண்டும் என்பதற்காகவே ஏழைகளும் எதையாவது கொடுத்துவிட்டுப் போவார்கள். உத்தரிக்கிற ஸ்தலத்தில், அதாவது மோட்சம் போகுமுன் பாவம் கழியும் இடத்தில், இருக்கும் ஆன்மாக்களை உயிரோடிருப்பவர்கள் மறக்கக்கூடாது என்ற எண்ணம் ஊரையே கட்டி வைத்திருந்தது. நம் பங்குகளில் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி புதிதாக இராது. குருத்தோலையை அடுத்த வருடம்வரை சுரூபத்துக்குப் பின்னால் சொருகி வைக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. நவம்பர் மாதத்தில் மரித்தவர்களின் பெயரை எழுதிக் கோயிலில் கொடுப்பதும் உண்டு.

இன்னொரு நூலில் பழைய செப நூல்களின் ஓரங்களை மட்டும் எடுத்து ஆராய்ந்தார். பிள்ளை பிறந்த நாள், தகப்பன் இறந்த நாள் எல்லாம் அந்த ஓரங்களில் எழுதப்பட்டிருக்கும். நம் வீட்டுப் பழைய வேதாகமங்களின் முதல் பக்கத்திலும் இதே வழக்கம் உண்டு. அரசன் எட்டாம் ஹென்றி 1538 இல், முன்னொரு அரசனை எதிர்த்துக் கொல்லப்பட்ட பேராயரான புனித தோமஸ் பெக்கெற்றின் பெயரை எல்லா வழிபாட்டு நூல்களிலிருந்தும் அழிக்கச் சொன்னான். சில நூல்களில் அந்தப் பெயர் முழுதாகச் சுரண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. வேறு சிலவற்றில் மேலே மெல்லிசாக ஒரு கோடு மட்டும், பெயரை இன்னும் வாசிக்கலாம். கட்டளைக்குக் கீழ்ப்படிந்ததாகவும் ஆயிற்று, புனிதரும் நூலில் இருந்தார். ஒரு மனிதரின் மனதை இவ்வளவு கிட்ட நின்று பார்க்கும் சந்தர்ப்பம் வரலாற்றில் அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

ஆனால் டஃபியை முதல்முறை வாசிப்பவருக்கு நான் கொடுப்பது 2001 இல் வந்த மோர்பாத் பற்றிய நூலைத்தான். மோர்பாத் என்பது இங்கிலாந்தின் டெவன் பகுதியில், எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் விளிம்பில் இருக்கும் சின்னஞ்சிறு ஊர். அப்போது 33 குடும்பங்கள்தான். கிறிஸ்டோபர் ட்ரிக்கி என்ற குருவானவர் 1520 இல் அங்கே வந்து 1574 இல் இறக்கும்வரை அதே பங்கில் இருந்தார். கோயில் கணக்கை அவரே எழுதி, வருடாவருடம் சனங்களின் முன் உரக்க வாசித்துக் காட்டினார். எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்ட், மேரி, எலிசபெத் என்று நான்கு ஆட்சிகள் மாறின. ஒவ்வொரு ஆட்சியும் சமயத்தைத் தலைகீழாகப் புரட்டியது. அவ்வளவுக்கும் ஒரே மனிதர், ஒரே கணக்குப் புத்தகம்.

அந்தக் கணக்கில் ஆடுகள் வருகின்றன. ஒவ்வொரு புனிதரின் விளக்குக்கும் ஒரு நிதி, அந்த நிதிக்குச் சில ஆடுகள். அவற்றை ஊரார் தங்கள் மந்தையோடு சேர்த்து மேய்த்து, கம்பளி விற்ற காசைக் கோயிலில் கொடுத்தார்கள். இளைஞருக்குத் தனி நிதி, கன்னிப்பெண்களுக்குத் தனி நிதி, அதைப் பொறுப்பாக நடத்தியவர்களும் அவர்களே. ட்ரிக்கி சுவாமி தன் பிரியப்பட்ட எக்ஸெற்றர் நகரத்துப் புனிதையான சிட்வெல்லின் சுரூபத்தைக் கோயிலில் வைத்தார். கொஞ்சக் காலத்தில் ஊர்ச்சனமும் அந்தப் புனிதையைத் தங்களவளாக்கிக்கொண்டது. சிட்வெல்லின் சுரூபத்துக்கு வெள்ளிச் செருப்புச் செய்ய ஒரு திருமண மோதிரம் கொடுக்கப்பட்டது கணக்கில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அவளுடைய பெயரை வைத்தார்கள். மரித்தோர் பூசைக்குக் கறுப்புத் திருவுடை வாங்க ட்ரிக்கி சுமார் இருபது வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்தார். உடை கைக்கு வந்த நேரம், மரித்தோர் பூசையையே ஒழிக்கப்போகும் அரசு ஆட்சிக்கு வந்துகொண்டிருந்தது.

அப்புறம் 1549. புதிய ஆங்கிலச் செப நூலுக்கு எதிராக டெவனிலும் கோர்ன்வாலிலும் கிளர்ச்சி வெடித்தது. மோர்பாத் கணக்கில், ஊரிலிருந்து போன ஐந்து இளைஞர்களுக்குச் செலவுக்குக் கொடுத்த பணம் பதிவாகியிருக்கிறது. அவர்கள் போனது எக்ஸெற்றரை முற்றுகையிட்ட கிளர்ச்சிக்காரரின் பாசறைக்கு என்று டஃபி காட்டுகிறார். சாந்தமான ஒரு சுவாமியார், எண்ணிப்பார்த்து ஒரு பென்னி செலவழிக்கும் ஊர், அரசுக்கு எதிரான போருக்குத் தன் பிள்ளைகளைக் கோயில் காசில் அனுப்பியது. கிளர்ச்சி கொடூரமாக நசுக்கப்பட்டது. ஆடுகளும் போயின, விளக்குகளும் போயின, கோயில் நிதி வற்றியது. கத்தோலிக்கரான மேரி அரசியானதும், இத்தனை நாளும் வீடுகளில் ஒளித்து வைத்திருந்த கோயில் பொருட்களைச் சனங்கள் திரும்பக் கொண்டுவந்து கொடுத்ததை ட்ரிக்கி மகிழ்ச்சியோடு எழுதுகிறார். எலிசபெத் காலத்தில் புதிய முறைக்கும் அவரே வழிபாடு நடத்தினார். ஊரை விட்டுப் போகவில்லை.

இனி டஃபிமீது வந்த விமர்சனங்கள். லொலார்டுகள் என்று அழைக்கப்பட்ட மாற்றுக்கருத்துக்காரரை அவர் பெரிய நூலில் பொருட்படுத்தவே இல்லை என்பது ஒன்று. அவர் விசுவாசமுள்ள கத்தோலிக்கர், ஆகவே பழையதைப் பொன்னாகக் காட்டுகிறார் என்பது இன்னொன்று. இதை நான் பெரிதாக எடுப்பதில்லை, சான்று பலமா என்றுதான் பார்க்க வேண்டும். கனமான விமர்சனம் இது: பழைய பக்தி அவ்வளவு உறுதியாக இருந்தால், அடுத்த இரண்டு தலைமுறைக்குள் இங்கிலாந்து எப்படி உண்மையிலேயே புரட்டஸ்தாந்து நாடாயிற்று? அரச கட்டளை பீடத்தை உடைக்கும், ஆனால் பேரப்பிள்ளைகளின் மனதை அது தானாக மாற்றிவிடாது. பெரிய நூலில் இதற்குப் போதிய பதில் இல்லை. மோர்பாத் நூலில்தான் பதிலின் நிழல் தெரிகிறது. ட்ரிக்கி போன்ற பழையவர்கள் அதே கோயிலில் நின்று புதிய செபத்தைச் சொல்லச் சொல்ல, ஊரின் நாவும் காதும் பழகிவிட்டன.

சரி, கொழும்புக்கு வருவோம். இந்தச் சரித்திரத்துக்கும் நமக்கும் கடல்தான் இடையில். அதே சீர்திருத்தம் கப்பலேறி இங்கேயும் வந்தது. 1656 மே மாதம் ஒல்லாந்தர் கொழும்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். 1658 இல் யாழ்ப்பாணமும் விழுந்தது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். சுரூபங்கள் அகற்றப்பட்டு, கோயில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் வசமாயின. இங்கிலாந்தில் சொந்த அரசன் சொந்தச் சனத்துக்குச் செய்ததை இங்கே ஒரு வெளிநாட்டு வர்த்தகக் கம்பனி செய்தது. அந்த வித்தியாசம் பெரியது, அதை மறந்து இரண்டையும் ஒட்டிவிடக்கூடாது. அத்தோடு போர்த்துக்கேயரின் கத்தோலிக்கமும் பல இடங்களில் வாளோடும் சலுகையோடும் வந்ததுதான்.

ஒல்லாந்தர் நமக்கு விட்டுப்போன சான்றுகளில் முக்கியமானது தோம்பு என்ற பதிவேடு. காணித் தோம்பு, தலைத் தோம்பு ஆகியவற்றோடு பாடசாலைத் தோம்பு என்று ஒன்றும் உண்டு. ஊர்ப் பாடசாலையும் செபவீடும் பெரும்பாலும் ஒரே கட்டடம், உபாத்தியாயர் அதற்குப் பொறுப்பு. யார் ஞானஸ்நானம் பெற்றார், யார் யாரை மணந்தார் என்று குடும்பம் குடும்பமாக அவர் பதிந்தார். இடைக்கிடை ஒல்லாந்தப் போதகர் வந்து பரிசோதித்தார். திருமணம் செல்லுபடியாகவும், பிள்ளைக்குச் சொத்துரிமை கிடைக்கவும், அரச உத்தியோகம் பார்க்கவும் இந்தப் பதிவு வேண்டியிருந்தது. ஆகவே கத்தோலிக்கரும் வந்து பதிந்தார்கள், பௌத்தரும் சைவரும் வந்து பதிந்தார்கள். தோம்பை மட்டும் வைத்துக்கொண்டு எண்ணினால் கரையோர இலங்கை முழுவதும் புரட்டஸ்தாந்து என்றுதான் தோன்றும். 1796 இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும் அந்தத் தொகை மளமளவென்று சரிந்தது. 1806 இல் ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கர்மீதான தடைகளை நீக்கினார்.

அப்படியானால் தோம்பு பொய்யா? இல்லை. அது கேட்ட கேள்விக்கு அது சரியான பதிலைத்தான் தருகிறது: கம்பனியின் சட்டத்தின் கீழ் யார் யாருடைய பிள்ளை, எந்தக் காணி யாருக்கு. நம்பிக்கையை அறிய, இதே சனங்கள் பதிவுக்கு வெளியே என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

அங்கேதான் விஷயம் சுவைக்கிறது. 1658 இலிருந்து 1687 வரை, ஏறத்தாழ முப்பது வருடம், ஒல்லாந்தரின் பகுதிகளில் கத்தோலிக்கருக்கு நிரந்தரக் குருக்கள் கிடையாது. 1687 இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் வந்து இறங்கியபோது, செபமாலை சொல்லத் தெரிந்த குடும்பங்கள் அவருக்காகக் காத்திருந்தன. குரு இல்லாத அந்தக் காலத்தில் வீட்டில் பிள்ளைக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? தாய்மாரும் பாட்டிமாருமாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. வாஸ் அடிகளும் அவருக்குப் பின்வந்த, அவருடைய கோவா சபையைச் சேர்ந்த ஒரட்டோரியன் குருக்களும் இரவில் வீடுகளில் பூசை வைத்தார்கள், விடியுமுன் ஊர் மாறினார்கள். அடுத்த வருகைவரை ஊரைக் காக்க மூப்பர், அண்ணாவி என்று சாதாரண மனிதர்களை நியமித்தார்கள். 2015 சனவரி 14 இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் வாஸ் அடிகளைப் புனிதராக உயர்த்தியபோது எல்லோரும் அவரைப் பற்றியே பேசினோம். அந்த முப்பது வருட இடைவெளியை நிரப்பிய பெயரில்லாதவர்களைப் பற்றியும் யாராவது ஒரு முழு நூல் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 1705 இல் வந்து 1742 இல் போலவத்தையில் இறந்தவர். தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் அவருடைய வியாகுல பிரசங்கத்தைத் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கும் ஊர்கள் இன்னமும் உண்டு. குரு வர முடியாத ஊரில் அந்த ஏட்டைப் பிரதி எடுத்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டு அழுதால் பெரிய வெள்ளி வந்துவிடும். ட்ரிக்கியின் கணக்கு மோர்பாத்துக்கு என்னவோ, இந்தப் பிரதிகள் நம் கரையோரங்களுக்கு அதுதான். யார் பிரதி எடுத்தார், எந்தக் குடும்பத்தில் இருந்தது, எந்த அடி தேய்ந்து போயிருக்கிறது என்று பார்த்தால் ஒரு ஊரின் பக்தி முழுவதும் கிடைக்கும்.

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஒல்லாந்தச் சபையில் பதிந்த எல்லோரும் வேடதாரிகள் அல்லர். கொழும்புச் செட்டி குடும்பத்தில் பிறந்த பிலிப்பு தெ மெல்லோ அந்தச் சபையின் போதகராகி, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். அது 1759 இல் கொழும்பிலேயே அச்சாயிற்று. 1749 இல் அடித்தளமிட்டு 1757 இல் முடித்த வுல்வெண்டால் தேவாலயம் இன்னும் புறக்கோட்டைப் பக்கத்து மேட்டில் நிற்கிறது, அங்கே மனதார வழிபட்ட தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. டஃபியின் முறையைக் கையில் எடுப்பவர் ஒளித்தவர்களின் வீரக்கதையை மட்டும் தேடினால், மாறியவர்களின் உண்மையான மாற்றம் கண்ணில் படாமலே போய்விடும்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒல்லாந்தர் தேடிய ஒரு கொச்சிக் குருவானவர் முகத்துவாரத்து மீனவரிடம் போனார், கடலரிப்பை நிறுத்தச் செபிக்கும்படி அவர்கள் கேட்டார்கள், அவர் மணலில் சிலுவையை நட்டதும் கடல் பின்வாங்கியது என்பது மரபு. கடல் உண்மையில் பின்வாங்கியதா என்று கேட்டு நின்றுவிட்டால் ஆராய்ச்சி அங்கேயே முடிந்துவிடும். அந்த இடத்துக்கு இரு நூற்றாண்டுக்கு மேலாக யார் யார் எதைக் கொண்டுவருகிறார்கள் என்று கேட்டால் நிறையக் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை போய் நின்று பாருங்கள். பொட்டு வைத்த அம்மா ஒருவர் கட்டு மெழுகுதிரியோடு நிற்பார், வெள்ளைச் சேலையில் சிங்கள ஆச்சி சுரூபக் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவார். தொலைந்த பொருள், வெளிநாடு போக விசா, பிள்ளைக்கு ஓ.எல். பரீட்சை, எல்லாவற்றுக்கும் நேர்த்தி உண்டு. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு கோயில் மூடிக் கிடந்தபோது, சனங்கள் வீதியில் நின்று மெழுகுதிரி கொளுத்தினார்கள். கத்தோலிக்கர் மட்டுமல்ல. இதைக் கலப்பட பக்தி என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள், எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. அங்கே நிற்பவருக்குத் தான் யாரிடம் வந்திருக்கிறோம் என்று நன்றாகத் தெரியும்.

நீங்களே ஏதாவது செய்ய விரும்பினால், கொழும்பு 7 இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தக் கம்பனியின் ஆவணங்கள் இருக்கின்றன. பழைய ஒல்லாந்தக் கையெழுத்து உடனே பிடிபடாது, அதற்குப் பயிற்சி வேண்டும். அதுவரை பெர்னியோலா அடிகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தொகுத்த திருச்சபை ஆவணத் தொகுதிகள் கைகொடுக்கும். ஒரட்டோரியன் குருக்கள் கோவாவுக்கு எழுதிய கடிதங்களை அவற்றில் வாசிக்கலாம். அவை மேலதிகாரிக்கு எழுதப்பட்டவை, வெற்றியைப் பெரிதாகவும் தோல்வியைச் சிறிதாகவும் சொல்லக்கூடியவை என்பதை மனதில் வைத்து வாசியுங்கள்.

உங்கள் சொந்தப் பங்கில் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து தொடங்க வேண்டாம், அதில் உயிரோடிருப்பவர்களின் தனிப்பட்ட விஷயங்கள் இருக்கும். பங்குத்தந்தையிடம் அனுமதி கேட்டுப் பழைய திருவிழாக் கணக்கைப் பாருங்கள். கொடி யாருடைய செலவு, பாண்டு வாத்தியத்துக்கு எவ்வளவு, கூடு சோடிக்க யார் பூக் கொடுத்தார், எந்த வருடம் பவனி நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை. 1983 ஜூலைக்கு முந்தின வருடத்துக் கொடையாளர் பட்டியலையும் பிந்தின வருடத்துப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, எந்தத் தமிழ்ப் பெயர்கள் காணாமல் போயின, எவை பிறகு வெளிநாட்டுக் காசோலையாகத் திரும்பின என்று குறித்துக்கொள்ளுங்கள். காசு இல்லாதவர் பெயர் அந்தப் பட்டியலில் ஏறியிராது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், கோயில் கூட்டியவர், இராச்சோறு சமைத்தவர் பற்றி வயதானவர்களிடம்தான் கேட்க வேண்டும். அதைக் கணக்கு வாசிக்கும் அதே மாதத்திலேயே கேட்டு எழுதிவிடுங்கள், அலுமாரியில் இருக்கும் புத்தகம் இன்னும் கொஞ்சக் காலம் தாங்கும்.